அத்தியாயம் 7: சிக்குக் கோலத்தைத் தோலில் முடிச்சாக்குவது

இந்த அத்தியாயத்தில் ஏ5 அளவுக் குறிப்பேட்டுக்கு ஒரு தோல் உறை செய்யப் போகிறோம். அதன் முன்பக்கத்தில் ஒரு முடிச்சுப் பின்னல் வரும். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் சிலுவைக் கற்களிலும் வெள்ளி நகைகளிலும் வேத நூல்களிலும் காணப்படும் கெல்டிக் முடிச்சின் வகையைச் சேர்ந்தது அது. ஆனால் அந்த ஊர் மாதிரி ஒன்றை அச்செடுத்து அப்படியே நகலெடுக்கப் போவதில்லை. மார்கழியில், தாம்பரத்தை அடுத்த நம் படப்பையின் தெருக்களில் வாசலுக்கு வாசல் விழுகிற சிக்குக் கோலத்திலிருந்தே அதை எடுக்கப் போகிறோம். கம்பிக் கோலம் என்றோ நெளிக் கோலம் என்றோ உங்கள் வீட்டில் சொல்லலாம். புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிற கோடு எதுவானாலும் சரி.

கோலத்துக்கும் கெல்டிக் முடிச்சுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். இரண்டிலும் முதலில் புள்ளிக் கட்டம், பிறகு அதைச் சுற்றும் மூடிய கோடு. வேறுபாடு ஓரிடத்தில் மட்டும் இருக்கிறது. கோலமாவில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும்போது எது மேல், எது கீழ் என்ற கேள்வி எழுவதில்லை. கெல்டிக் முடிச்சில் அந்தக் கேள்விதான் எல்லாம். கோடு பட்டையாகிறது, ஒரு குறுக்கில் மேலே போனால் அடுத்த குறுக்கில் கீழே போகிறது, கடைசிவரை அந்த முறை தவறுவதில்லை. தோல் இதற்கென்றே அமைந்த பொருள். தாளில் மேல்-கீழ் என்பது கண்ணுக்குக் காட்டும் பாவனை. தோலில் கீழே போகும் பட்டையை உண்மையாகவே அமுக்கிவிடலாம், விரலால் தடவினால் தெரியும்.

முடிச்சையும் தோலையும் சேர்ப்பது புதியதல்ல. இங்கிலாந்தின் பிரிட்டிஷ் நூலகத்தில் செயின்ட் கத்பர்ட் நற்செய்தி என்று ஒரு சிறிய நூல் இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. கத்பர்ட் என்ற துறவியின் சவப்பெட்டியை 1104-இல் திறந்தபோது உள்ளே கிடைத்தது. எழுதிய காலத்து அட்டை இன்றும் குலையாமல் இருக்கிற ஐரோப்பிய நூல்களில் இதுவே மிகப் பழையது. 2012-இல் 90 லட்சம் பவுண்டு கொடுத்து நூலகம் அதை வாங்கியது. அதன் அட்டை சிவப்புச் சாயமேற்றிய ஆட்டுத் தோல். நடுவில் மேலெழும்பிய கொடி. அதற்கு மேலும் கீழும் கீறி வரைந்த பின்னல் கட்டங்கள், கீறலில் வண்ணம். ஏறக்குறைய 1,300 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பின்னலின் கோட்டைப் பின்தொடர முடிகிறது. நாம் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் இதுதான்: உங்கள் உறையை வாங்குகிறவர் ஒரு கோட்டில் விரலை வைத்து நகர்த்தினால், அது வழி தவறாமல் முழுச் சுற்றும் வந்து சேர வேண்டும்.

தோலில் தொடங்குவோம். கடைகளில் இன்று கிடைப்பதில் பெரும்பகுதி குரோம் உப்பில் பதனிட்டது. மென்மையாக இருக்கும், தண்ணீரைத் தாங்கும், பைக்கும் காலணிக்கும் நல்லது. நமக்கு உதவாது. அழுத்திய தடத்தை அது வைத்துக்கொள்ளாமல் உப்பி எழுந்துவிடும். நமக்கு வேண்டியது மரப்பட்டையில் பதனிட்ட தோல். கடைக்காரர்கள் அதை வெஜிடபிள் டேன் என்றோ வெஜ் டேன் என்றோ சொல்வார்கள். சோதிப்பது எளிது. ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். அது உள்ளே இறங்கி அந்த இடம் கறுக்க வேண்டும். அந்த ஈரத்தில் நகத்தால் ஒரு கோடு அழுத்துங்கள்; கோடு அப்படியே நிற்க வேண்டும். வெட்டிய விளிம்பையும் பாருங்கள். முழுக்கப் பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல். நடுவில் நீலமோ பச்சை கலந்த சாம்பலோ தெரிந்தால் குரோம். மேலே பளபளப்புப் பூச்சு ஏற்றிய தோலைத் தொடவே வேண்டாம், அது நீரைக் குடிக்காது.

பட்டைத் தோல் நம் மாநிலத்தின் பழைய பெருமை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் சென்னைத் துறைமுகம் வழியாகப் பிரிட்டனுக்குப் போயின. உலகச் சந்தையில் அதற்கு ஈஸ்ட் இந்தியா தோல் என்று பெயர். வணிகர்கள் இன்றும் சுருக்கமாக இ.ஐ. என்பார்கள். ஈரோடு, திண்டுக்கல், திருச்சி ஆகியவை அதற்குப் பேர் போன ஊர்கள். பிற்பாடு ஆவாரம்பட்டையின் இடத்தைப் பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டைச் சாறு பிடித்துக்கொண்டது. இந்தத் தோலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. குரோம் வந்த கதையும் நம் பக்கத்தில்தான் இருக்கிறது: படப்பையிலிருந்து தாம்பரம் தாண்டினால் வரும் குரோம்பேட்டைக்கு, அங்கே இருந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான் அந்தப் பெயர்.

தோல் பதனிடுவதால் பாலாற்றுக்கு நேர்ந்த கேட்டையும் மறந்துவிடக் கூடாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்த பிறகுதான் கழிவுநீரைச் சுத்திகரிப்பது கட்டாயம் என்ற நிலை உறுதிப்பட்டது. தோல் எங்கே பதனிட்டது, அந்த ஆலை பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்ததா என்று கடைக்காரரைக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் அவரும் ஆலையைக் கேட்பார்.

வாங்க வேண்டிய இடம் சென்னைப் பெரியமேடு. தாம்பரம் வரை பேருந்து, அங்கிருந்து மின்சார ரயிலில் பூங்கா நிலையம், பிறகு சென்ட்ரலுக்குப் பின்னால் நடை. தோல், நூல், ஊசி, பசை, உளி எல்லாம் ஒரே வட்டாரத்தில் கிடைக்கும். வெளிப்பக்கத்துக்கு 2 மி.மீ கனமுள்ள மாட்டுத் தோலோ எருமைத் தோலோ கேளுங்கள். உட்பைக்கு 1 மி.மீ கனத்தில் இ.ஐ. ஆட்டுத் தோல் போதும். ஏ5 நோட்டு 148-க்கு 210 மி.மீ, முதுகு 15 மி.மீ என்று வைத்துக்கொண்டால் வெளித்தோல் 330-க்கு 225 மி.மீ வெட்ட வேண்டும். தையலுக்கும் நோட்டு வழுக்கி நுழைவதற்கும் முதுகு மடிவதற்கும் விட்ட இடம் இதில் அடங்கும். உட்பைகள் இரண்டும் 60-க்கு 225. தோலைச் சதுர அடிக் கணக்கில்தான் விற்பார்கள். வெளித்தோலும் பைகளும் சேர்ந்து ஒரு சதுர அடிக்குச் சற்று மேலே வரும். தழும்பும் ஓரமும் கழியுமென்பதால் ஒன்றரை அடியாகக் கணக்குப் போடுங்கள்.

இனி கோலம். இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள், கையில் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு.

அகலத்தில் 3 புள்ளி, உயரத்தில் 5 புள்ளி, 30 மி.மீ இடைவெளியில் வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் நடுவே ஒரு சிறிய பெருக்கல் குறி. மேலும் கீழுமாக நிற்கும் புள்ளிகளின் நடுவேயும் அதே குறி. முதல் வகை 10, இரண்டாம் வகை 12, ஆக 22 குறுக்குகள். இப்போது குறிகளின் கைகளை நீட்டி ஒன்றோடொன்று இணையுங்கள். ஓரத்துக்கு வந்த கோடு வெளியே ஓடாமல் ஓரப் புள்ளியைச் சுற்றித் திரும்பி உள்ளே வரட்டும். எங்காவது ஒரு முனையில் தொடங்கி ஓட்டிப் பாருங்கள். ஒரே கோடு 22 குறுக்கையும் இரண்டிரண்டு முறை கடந்து, தொடங்கிய இடத்துக்கு வரும்.

புள்ளிகளை மாற்றினால் கோடுகளின் எண்ணிக்கை மாறும். அதற்குக் கணக்கு இருக்கிறது. அகலப் புள்ளி, உயரப் புள்ளி இரண்டின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ அத்தனை கோடுகள். 3-க்கு 5 என்றால் ஒன்று. 5-க்கு 8 என்றாலும் ஒன்று. 4-க்கு 6 என்றால் இரண்டு. 5-க்கு 5 வைத்தால் ஐந்து தனித்தனிக் கோடுகள் பின்னிக் கிடக்கும். ஒற்றைக் கோடு வேண்டுமென்றால் பொதுக் காரணி இல்லாத எண்களை எடுங்கள். 4-க்கு 6 தான் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரே கோடாக வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. இரண்டு வெவ்வேறு கோடுகள் வெட்டிக்கொள்கிற ஒரு குறுக்கைத் தேர்ந்தெடுத்து அழித்துவிடுங்கள். அந்த இடத்தில் கோடுகள் குறுக்கிடாமல், முதுகைக் காட்டி வளைந்து திரும்பட்டும். இரண்டு கோடும் ஒன்றாகிவிடும். கெல்டிக் முடிச்சுகளின் வகைகள் பெரும்பாலும் இப்படிப் பிறந்தவையே. சாதாரணப் பின்னலில் அங்கங்கே குறுக்கை நீக்கினால் முடிச்சு வருகிறது என்பதை ஜே. ரோமில்லி ஆலன் 1904-இல் வெளியான நூலில் விளக்கினார். ஜார்ஜ் பெய்ன் என்ற ஓவிய ஆசிரியர் 1951-இல் வெளியிட்ட நூல் வழியாகக் கெல்டிக் வரைமுறை சாதாரண மக்கள் கைக்கு வந்தது.

நம் பக்கத்திலும் கோலத்தைக் கணக்காகப் பார்த்தவர்கள் இருந்தார்கள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதும் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். உலகெங்கும் கணினித் துறையினர் மேற்கோள் காட்டுகிற வேலை அது. படப்பையிலிருந்து ஒரு பேருந்து தூரத்தில் நடந்தது என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அடுத்தது மேல்-கீழ். இங்கேதான் புதியவர்கள் குழம்புவார்கள். ஒவ்வொரு குறுக்காக யோசித்துக் கொண்டிருக்க வேண்டாம், ஒரே விதி போதும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் நடுவே வரும் குறுக்கில், வலப்பக்கமாக ஏறும் பட்டை மேலே. மேலும் கீழுமாக நிற்கும் புள்ளிகளின் நடுவே வரும் குறுக்கில், இடப்பக்கமாக ஏறும் பட்டை மேலே. இதைக் கட்டம் முழுக்கப் பின்பற்றினால் கோடு எங்கே திரும்பினாலும் மேல், கீழ், மேல், கீழ் என்று தானாக மாறி வரும். இடையில் குறுக்குகளை அழித்திருந்தாலும் மற்ற இடங்களில் விதி மாறாது. ஓட்டிப் பார்க்கும்போது இரண்டு முறை தொடர்ந்து மேலே வந்தால், விதியில் பிழையில்லை, நீங்கள் எங்கோ ஒரு குறியை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். தாளிலேயே திருத்துங்கள். தோலில் அழிப்பான் கிடையாது.

ஒற்றைக் கோட்டை 6 மி.மீ அகலப் பட்டையாக்கினால் வரைபடம் மொத்தம் 96-க்கு 156 மி.மீ வரும். முன்பக்கத்தில் சுற்றிலும் வெறும் தோல் தாராளமாக மிஞ்சும். அந்த வெற்றிடத்தை நிரப்பும் ஆசை எல்லோருக்கும் வரும், நிரப்பாதீர்கள். பின்னல் மூச்சுவிட இடம் வேண்டும். மூலைகளில் கோலத்தின் உருண்ட வளைவை வைத்துக்கொள்வதா, கெல்டிக் முறையில் கூராக்குவதா என்பது உங்கள் விருப்பம். என் பார்வையில் உருண்டை அழகு, கத்திக்கும் அது எளிது.

தோலை நனைப்பதில்தான் பாதி வெற்றி. பஞ்சால் இருபுறமும் சீராக ஈரமாக்கி, பாலிதீன் உறையில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் வெளியே எடுத்து, பழைய நிறம் திரும்பத் தொடங்கும்வரை காத்திருங்கள். தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். வேலை செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். நம் ஊர் வெயிலில் விசிறிக் காற்றும் சேர்ந்தால் பதம் சீக்கிரமே பறந்துவிடும். தோலுக்கு அடியில் ஒரு கிரானைட் துண்டு வேண்டும். வீடு கட்டுகிற இடங்களிலும் கிரானைட் கடைகளிலும் அடுப்பு மேடைக்கு அறுத்து மிஞ்சிய துண்டு கிடைக்கும்.

வரைபடத்தை ஒளி ஊடுருவும் தாளில் எடுத்துத் தோல்மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி ஓட்டினால் தடம் பதியும். பிறகு சுழல் கத்தி. கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, தோலின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்குக் கீறுங்கள். குறுக்கில் மேலே போகும் பட்டையின் இரு விளிம்புகளை மட்டும் முழுதாகக் கீற வேண்டும். கீழே போகும் பட்டையின் கோடுகள் அதைத் தொடுவதற்கு மயிரிழை முன்பே நிற்க வேண்டும். இந்த ஒன்றைக் கவனித்தால் முடிச்சு பிழைத்துவிடும். அடுத்து, சாய்முகப் பதிப்பானை மேல் பட்டையின் விளிம்போரமாக, கீழ்ப் பட்டையின் மேல் வைத்துக் கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டி நகர்த்துங்கள். கீழ்ப் பட்டை சரிந்து உள்ளே நுழைவது போல் அமுங்கும். பட்டைகளின் வெளி விளிம்பிலும் அப்படியே செய்து, கடைசியில் பின்னணியைப் புள்ளிப் பதிப்பானால் அமுக்கி நிரப்புங்கள். பட்டைகளுக்கு நடுவே, கோலத்தின் புள்ளி இருந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறு வட்டம் பதித்துவிட்டால், பார்த்தவுடன் நம் வாசல் அடையாளம் தெரியும்.

மாட்டுத் தோல் வேண்டாம் என்கிறவர்களுக்கு இன்னொரு முறை. 1.5 மி.மீ அட்டைமேல் 2 மி.மீ பருத்திக் கயிற்றைப் பின்னலின் வடிவில் ஒட்டுங்கள். குறுக்கில் கீழே போகும் கயிற்றை மட்டும் இருபுறமும் வெட்டி, சிறு இடைவெளி விடுங்கள். மேலே நனைத்த மெல்லிய ஆட்டுத் தோலைப் பசையோடு போர்த்தி, எலும்பு மடிப்பானால் கயிற்றின் இருமருங்கும் அழுத்தினால் முடிச்சு எழுந்து வரும்.

நம் தொழிற்பேட்டைக்காரர்களுக்கென்று ஓர் எச்சரிக்கை. ஈரமான பட்டைத் தோலில் இரும்பு பட்டால் நீலக் கறுப்புக் கறை விழும். மரப்பட்டையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து உண்டாக்குவது அது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் லேத்திலோ பிரஸ்ஸிலோ வேலை முடித்து வந்தவர் கையைக் கழுவாமல் தோலைத் தொட்டால் விரல் தடம் அப்படியே கறுப்பாக நிற்கும். வீட்டு மேசையில் கிரைண்டர் தூள் இருந்தாலும் அதே கதி. கறை விழுந்தவுடன் எலுமிச்சைச் சாற்றில் தண்ணீர் கலந்து துடைத்தால் பெரும்பாலும் வெளுக்கும். பிறகு வெறும் நீரில் துடைக்க வேண்டும். புள்ளி வைக்க உலோக வார்ப்புரு ஒன்று வெட்டிக்கொள்ள நினைத்தால், பக்கத்து லேசர் பட்டறையில் எவர்சில்வரில் வெட்டச் சொல்லுங்கள், சாதா இரும்பு வேண்டாம்.

சாயம் குறைவாகப் போடுங்கள். பட்டைக்குத் தோலின் சொந்த நிறமே போதும், பின்னணிக்கு மட்டும் காவியோ அடர்பழுப்போ. காய்ந்த பின் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் மெல்லியதாக ஒரு முறை, மேலே தேன்மெழுகு. சமையல் எண்ணெய் எதுவும் கூடாது, காறிப்போய் நாறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்கும்; செய்து முடித்த உறையைப் பாலிதீனில் கட்டி வைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

தையல் கையால்தான். ஒரு நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராகச் செலுத்தும் சேணத் தையல். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்திருக்கும். விளிம்பிலிருந்து 4 மி.மீ உள்ளே, 4 மி.மீ இடைவெளியில் துளைகள். ஒரு பைக்கு மூன்று பக்கமும் சேர்த்து 345 மி.மீ தையல், அதைப் போல் நாலு மடங்கு, சுமார் 1.4 மீட்டர் மெழுகு நூல் எடுங்கள். விளிம்பை ஈரப்படுத்தி மர உருளையால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் வேலை முடிந்தது.

நிறுவனங்கள் ஆயுத பூசைக்கும் புத்தாண்டுக்கும் பரிசுக் குறிப்பேடுகள் கேட்டால் ஐம்பது உறையைக் கையால் கீற முடியாது. அப்போது பித்தளை அச்சு செய்து அழுத்தலாம், சி.என்.சி. பட்டறைகள் இந்தப் பக்கம் நிறைய. அச்சில் வரைபடம் இடவலம் மாறி இருக்க வேண்டும் என்பதையும், மேடு பள்ளம் தலைகீழாக வரும் என்பதையும் பட்டறைக்காரருக்கு எழுதிக் கொடுங்கள். லேசரால் தோலில் நேரடியாக எரித்து வரைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோடு விழும், பட்டை எழாது. எது மேல் எது கீழ் என்று விரலுக்குத் தெரியாத முடிச்சு வெறும் படம். முறையாகக் கற்க விரும்புகிறவர்கள் அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பயிற்சிகளைப் பற்றி விசாரியுங்கள்.

விலை போடும்போது தோலுக்கும் நூலுக்கும் கொடுத்த பணத்தோடு, உங்கள் மணிக் கூலியையும் எழுதிக் கூட்டுங்கள். வீட்டிலிருந்து செய்கிறோம் என்பதற்காகக் கூலியை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒருவர் விட்டுக்கொடுத்தால் தோல் வேலை செய்கிற எல்லோருடைய கூலியும் இறங்கும். முதல் உறையை விற்க வேண்டாம். அதில் நோட்டைப் போட்டு நீங்களே மூன்று மாதம் எழுதுங்கள். முதுகு எங்கே வெடிக்கிறது, எந்தத் தையல் தளர்கிறது, பட்டை எங்கே தேய்கிறது என்று பார்த்து, அதைத் திருத்திச் செய்த இரண்டாவது உறையிலிருந்து விலைக்குக் கொடுங்கள்.